ஐந்து ஊருக்கு ஒரு கடிதம்

நீல மட்டை போட்ட ஒரு கொப்பி. பத்திராதிபர் எங்கள் அச்சகத்துக்குள் வரும்போது அவருக்கு முன்னால் அந்தக் கொப்பிதான் வரும். ஸலாம் சொல்வதற்கு முதலே அதைக் கவுண்டரில் வைத்துவிடுவார். ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து ஐந்து கட்டங்கள் கீறியிருப்பார். கட்டங்களின் தலையில் கசான், தாஷ்கந்து, காஷ்கர், பாக்கு, இஸ்தான்புல் என்று ஊர்ப்பெயர்கள். ஒரு பொருளுக்கு அந்த ஐந்து ஊர்க்காரரும் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதி வைத்திருப்பார். தண்ணீருக்கு ஐந்து கட்டத்திலும் கிட்டத்தட்ட ஒரே சொல். கண்ணுக்கும் அப்படித்தான். அப்படிப்பட்ட பக்கம் அமைந்துவிட்டால், தன் பிள்ளை சோதனை பாஸ் பண்ணியதுபோல என் முகத்தைப் பார்ப்பார். எனக்கோ அன்றைக்கு முடிக்க வேண்டிய கலியாணக் கார்டு ஒன்று மேசையில் கிடக்கும். நல்லது என்று தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

நான் புத்தளத்தாள். கலியாணம் முடித்து இங்கே சிட்னிக்கு வந்து, பரமட்டாவில் ஸ்டேஷனுக்குக் கிட்ட மாடியில் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சாப்பாட்டுக் கடைகளின் மெனு, விசிட்டிங் கார்டு, பள்ளிவாசல்களின் நோன்புக் கலண்டர், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று ஊரிலுள்ளது எல்லாம் எங்களிடம் வரும். அதோடு பத்திராதிபரின் சஞ்சிகையும் வரும். மூன்று மாதத்துக்கு ஒன்று. சிட்னியிலும் மெல்பேர்னிலும் சிதறிக் கிடந்த தாத்தார், உஸ்பெக், உய்குர், அஸர்பைஜான்காரர், துருக்கியர் என்று உறவு மொழிகள் பேசுகிற எல்லாருக்கும் சேர்த்து ஒரே பொது மொழியில் ஒரு சஞ்சிகை. அவர் தாத்தார் இனத்தவர். சீனத்தின் மேற்கு எல்லையில் குல்ஜா என்ற ஊரில் பிறந்து, இளவயதில் குடும்பத்தோடு இங்கே வந்து, பிஸ்கட் தொழிற்சாலையொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் நாட்டில் பத்திரிகை நடத்துபவரைப் பத்திராதிபர் என்று சொல்வார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்து, அதிபர் என்றால் என்ன என்று கேட்டார். பிரசிடென்டுக்கும் அதுதான் சொல் என்றேன். அதற்குப் பிறகு போன் பண்ணினால் தன்னைப் பத்திராதிபர் என்றே அறிமுகம் செய்வார். நாங்கள் பேசியது எல்லாம் ஆங்கிலம். அவருடைய ஆங்கிலம் ஒரு மாதிரி, என்னுடையது இன்னொரு மாதிரி. இங்கே எனக்கு வாய்க்கிற தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய சஞ்சிகைக்கு நான் பதினொரு வருசம் பக்கம் போட்டேன். ஒரு சொல் விளங்காது. எழுத்து ஆங்கில எழுத்துத்தான், அங்கங்கே புள்ளியும் வாலும் இருக்கும். அந்தப் புள்ளியையும் வாலையும் தவறவிடாமல் பார்ப்பதுதான் என் வேலை. விளங்காத மொழியைப் பிழையில்லாமல் அச்சில் போடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய தாத்தா காலத்தில், குல்ஜாவில் இருந்த ஒரு தோல் வியாபாரி வீட்டுக்குப் பத்திரிகைகள் வருமாம். கசானிலிருந்து ஒன்று, ஒரென்பர்க்கிலிருந்து ஒன்று, கிரிமியாவிலிருந்து ஒன்று, இஸ்தான்புல்லிலிருந்து ஒன்று. ரயிலிலும் ஒட்டகத்திலும் ஏறி இறங்கி, மாதக்கணக்கில் பிந்தி வரும். வந்த அன்றைக்கு அந்த வீட்டு முற்றத்தில் இருபது முப்பது பேர் கூடிவிடுவார்கள். எழுத்து தெரிந்த ஒருவர் உரத்து வாசிப்பார். பாக்குவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார்கள், கசானில் ஒரு நாடகம் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வரும். யாரோ எவரோ என்று நினைத்திருந்தவர்களின் பேச்சு தங்களுக்குப் பாதிக்கு மேல் விளங்குகிறது என்பது அந்த முற்றத்தில்தான் தெரிந்ததாம். அந்தப் பத்திரிகைகளை நடத்தியவர்களும் சும்மா இருக்கவில்லை. எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்று ஊர்ச்சொற்களைக் கழித்துப் பொதுச்சொற்களாகப் பார்த்து எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பேச்சை ஏன் கழித்தாய் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. பிறகு அரசுகள் மாறின. எழுத்தை மாற்றினார்கள், திரும்பவும் மாற்றினார்கள். ஒரே வீட்டில் தாத்தா எழுதியதைப் பேரன் வாசிக்க முடியாத நிலை வந்தது. இதையெல்லாம் பத்திராதிபர் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். "பத்திரிகை வருவதற்கு முதல் நாங்கள் வெறும் ஊர்க்காரர். அதை வாசித்த பிறகுதான் எங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது," என்றார். அதை மட்டும் நான் மறக்கவில்லை.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு சொல் சஞ்சிகையில் ஏற வேண்டுமென்றால், கொப்பியிலுள்ள ஐந்து ஊரில் மூன்று ஊருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்துவிட்டு வேறொன்று போடுவார். யார் எழுதி அனுப்பினாலும் சரி, டாக்டர் எழுதினாலும் டாக்ஸிக்காரர் எழுதினாலும், அவருடைய பென்சிலுக்குக் கீழே போய்த்தான் வரும். இஸ்தான்புல் கட்டத்தில் சந்தேகம் வந்தால் ஓபர்னில் முடி வெட்டும் ஒருவருக்குப் போன் போடுவார். அந்த மனுசன் பாதித் தலையை வெட்டிவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குக் கேட்கும், சிரிப்பாக இருக்கும்.

எனக்கு அந்தச் சட்டத்தில் பிழை தெரியவில்லை. சொல்லப்போனால் எனக்கே அது நடந்திருக்கிறது. இங்குள்ள ஒரு தமிழ் மலருக்கு உம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். மலரைப் பார்த்துக்கொண்டவர் கெல்லிவில்லில் இருக்கும் ஓர் இந்தியத் தமிழ்க்காரர், தங்கமான மனுசன். அச்சில் வந்தபோது உம்மா அம்மாவாகியிருந்தார். குசினி சமையலறையாகியிருந்தது. கதிரை நாற்காலி. எல்லாருக்கும் புரியணும் இல்லீங்களா என்றார். ஆமாம் என்றேன், மனதாரத்தான் சொன்னேன். வாசித்துப் பார்த்தேன். யாரோ ஒரு நல்ல அம்மாவைப் பற்றிய நல்ல கட்டுரை. மலேசியாக்காரி ஒருத்தி எனக்குப் போன் பண்ணி, அப்படியே என் அம்மா மாதிரி என்று அழுதாள். அவ்வளவு தூரத்தில் இருந்த ஒருத்திக்கு என் உம்மா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நானும் சந்தோசப்பட்டேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சஞ்சிகைக்கு வரும் எழுத்துகளில் சில, ஊரிலிருந்து யாராவது கையில் கொடுத்தனுப்பிய கடிதங்களாக இருக்கும். எழுதியவர் இன்னார் என்று தெரிந்தால் அங்கே அவருக்கு வில்லங்கம் வரலாம். அதனால் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுத்தான் போடுவார். கையெழுத்துக்கூட ஆளைக் காட்டிக் கொடுக்கும் என்பார். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து அந்த நகலில்தான் வேலை செய்வார். மூலத்தை உடையவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதழ் அச்சாகி முடிந்த அன்றைக்கு, நகல்களையெல்லாம் ஒரு காக்கி உறையில் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் தருவார். எங்கள் கடையின் பின்னறையில் பேப்பர் கிழிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தாளாக நான் போடுவேன். மெஷின் நிற்கும்வரை அவர் பக்கத்தில் நிற்பார். பிறகு இருவரும் தேத்தண்ணீர் குடிப்போம்.

அக்காக்காரி வந்தது அந்தக் காலத்தில்தான். அவளுக்கு ஒரு பெயர் உண்டு, நான் எழுதப் போவதில்லை. காஷ்கர்ப் பக்கத்து உய்குர்ப் பெண். முப்பது வயது இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு துப்புரவு வேலை. ஊரில் அவளுக்கு ஒரே ஒரு தம்பி. அவன் எழுதிய கடிதம் ஒன்று இரண்டு நாடு சுற்றி, யார் யாரோ சட்டைப்பையில் இருந்து, அவள் கைக்கு வந்திருந்தது. மூன்று தாள். அதற்குப் பிறகு தம்பியின் போன் வேலை செய்யவில்லை. அக்கம்பக்கத்தாரும் போனை எடுக்கவில்லை. எடுத்த ஒருவரும் இனிமேல் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. அந்தக் கடிதத்தைச் சஞ்சிகையில் போட்டால், இங்கே மெல்பேர்னிலோ, அல்மாட்டியிலோ, இஸ்தான்புல்லிலோ அவனைத் தெரிந்த யாராவது வாசித்து ஒரு சேதி சொல்லமாட்டார்களா என்று அவள் நினைத்தாள். பத்திராதிபரிடம் எங்கள் கடையில் வைத்துத்தான் கொடுத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். "இது எனக்குத் திரும்ப வேணும்," என்றாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார்.

அந்தக் கிழமை அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே கடிதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார். நகல் எடுக்க வழியில்லை, மூலத்தை வைத்துக்கொண்டே எழுதினார். மனைவியின் கையில் கொடுத்தனுப்பினார். பக்கம் போட்டேன். இதழ் அச்சானது. வழக்கம்போலக் காக்கி உறையும் வந்தது, இந்த முறை மனைவி கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் பத்திராதிபர் போன் பண்ணினார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. உறையில் இருப்பதெல்லாம் வழக்கம்போல முடித்துவிடுங்கள் என்றார். சரி என்றேன்.

அன்றைக்குக் கடையில் ஒரே அமளி. ஒரு கலியாண வீட்டார் கார்டில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் சின்னதாக விழுந்துவிட்டது என்று கவுண்டரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் உறையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு தாளாகப் போட்டேன். நகல் தாள்கள் வழவழ என்று இருக்கும். நடுவில் மூன்று தாள் அப்படி இல்லை. பள்ளிக்கூடக் கொப்பியில் இருந்து கிழித்த கோடு போட்ட தாள். நீலப் பேனா. அரபு எழுத்து. பின்பக்கத்தைத் தடவினேன். அழுத்தி எழுதியிருந்தபடியால் எழுத்து விரலில் தட்டுப்பட்டது. கடைசித் தாளின் அடியில், அவன் போட்ட கையெழுத்துக்கு மேலே மூன்று சொல்லை எழுதிவிட்டுக் கோடு கீறி வெட்டியிருந்தது. இது நகல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் நீட்டியதும் ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போன் மேசையில்தான் இருந்தது. நெஞ்சுவலிக்காரரை எத்தனை தரம் எழுப்புவது என்று ஒரு சாக்கு. சொன்னதைத்தானே செய்கிறேன் என்று இன்னொரு சாக்கு. வெளியே அந்த மாப்பிள்ளை வீட்டார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்று தாளையும் போட்டுவிட்டேன். அப்போது என்ன நினைத்தாய் என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றும் நினைக்கவில்லை.

அந்த இதழைப்போல ஓர் இதழ் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. மெல்பேர்னில் இருந்து போன் மேல் போன். ஓபர்னில் முடி வெட்டுபவர் கடையை அரைமணி நேரம் பூட்டிவிட்டு வாசித்தாராம். வாதுமைப்பழ மரம் காய்த்துக் கிடப்பதையும், தாயின் முழங்கால் வலியையும், பக்கத்து வீட்டுக் கழுதை சுவர் இடித்ததையும் அந்தப் பையன் எழுதியிருந்தான். இஸ்தான்புல்லில் இருந்து ஒரு கிழவர், பாக்குவில் பிறந்த ஒரு பெண், உஸ்பெக் டாக்ஸிக்காரர் ஒருவர் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். அவன் எங்கள் தம்பி என்றே எழுதினார்கள். பத்திராதிபர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அந்தக் கடிதங்களை மனைவியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். குல்ஜாவில் அந்தத் தோல் வியாபாரி வீட்டில் நடந்தது இங்கே நடந்துவிட்டது என்று அவருக்கு நினைப்பு. அவனைத் தெரியும் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

அக்காக்காரி கடைக்கு வந்தபோது பத்திராதிபர் வீட்டுக்கு வந்து நடமாடத் தொடங்கியிருந்தார். இருவரும் என் மேசைக்கு முன்னால்தான் நின்றார்கள். அவள் கையில் இதழ் இருந்தது. கோபமாக இல்லை. இது நல்ல கடிதம், ஆனால் இது அவன் பேசுகிற மாதிரி இல்லை என்றாள். அவன் என்னை வாழ்க்கையில் ஒருநாளும் அன்புள்ள அக்கா என்று கூப்பிட்டதில்லை, எங்கள் வீட்டுத் தெருவில், அந்த ஒழுங்கைக்குள் மட்டும் சொல்கிற ஒரு கேலிப்பெயரால்தான் கூப்பிடுவான் என்றாள். மூன்று ஊருக்குத் தெரியாத பெயர், எடுபட்டுப் போயிருக்கிறது. பரவாயில்லை, உங்களிடம் அவனுடைய தாள் இருக்கிறதுதானே என்றாள். தாள்களைக் கேட்டாள்.

பத்திராதிபர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசையில் கிடந்த கார்டுகளை அடுக்கினேன். அவர் திரும்பி அவளிடம், "நான் அதை அழித்துவிட்டேன். என்னுடைய பிழை," என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் முதலில் நம்பவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற மனுசன் இதையா அழிப்பீர்கள் என்றாள். பிறகு அந்த இதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

என்னிடம் அவர் அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரு புரூஃபைத் திருப்பித் தரும்போது, "சிஸ்டர், சந்தேகம் வந்தால் எந்த நேரமும் எனக்கு போன் பண்ணலாம்," என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. நான் புரூஃபை வாங்கிக்கொண்டேன்.

பழியை ஏற்றுக்கொண்டதோடு அவர் விடவில்லை. அக்காக்காரியைத் தேடிப் போய்ப் பேசி, சனிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு வரவைத்தார். பின்னறையில் இருவரும் உட்காருவார்கள். அச்சான பக்கத்தை வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் அவன் எப்படிச் சொல்லியிருந்தான் என்று ஒவ்வொரு வரியாகக் கேட்பார். தான் பொதுமொழிக்குக் கொண்டுவந்ததைத் திரும்ப அந்த ஒழுங்கைக்குக் கொண்டுபோய் விடப் பார்த்தார். முதல் சனிக்கிழமை அவள் மளமளவென்று சொன்னாள். கேலிப்பெயர் வந்தது, கழுதையைத் திட்டிய திட்டு வந்தது, இருவரும் சிரித்ததும் கேட்டது. அடுத்த கிழமை கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். அதற்கடுத்த கிழமைகளில் நீண்ட நேரம் சத்தமே இல்லை. அவள் அந்த இதழைத் தினமும் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள், வேறென்ன செய்வாள். ஐந்தாவது சனிக்கிழமை எழும்பிவிட்டாள். "எனக்கு இப்ப அச்சில் இருக்கிறதுதான் ஞாபகம் வருது. அவன் சொன்னது வரமாட்டேன் என்குது," என்றாள். அதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கும் கேட்க வேண்டும் என்று சொன்னாளோ என்னவோ தெரியாது. அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த இதழில் பத்திராதிபர் பென்சிலைத் தொடவில்லை. எழுதியவர்கள் எழுதியது எழுதியபடியே வந்தது. முடி வெட்டுபவரே முதலில் போன் பண்ணி, இது என்ன மொழி, எனக்குப் பாதி விளங்கவில்லை என்றாராம். இன்னும் பலர் அதையே சொன்னார்கள், சிலர் சஞ்சிகையே வேண்டாம் என்றார்கள். அவர் திரும்பவும் பழைய சட்டத்துக்கே போனார். ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகை நடத்த முடியாது சிஸ்டர் என்று என்னிடம் சொன்னார். எனக்கு அதிலும் பிழை தெரியவில்லை. இன்றைக்கும் அவர் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தை அப்படியே போட்டிருந்தால் ஓபர்னில் ஒருவரும் அழுதிருக்க மாட்டார்கள்.

பத்திராதிபர் போன மாதம் மௌத்தாகிவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார். ரூக்வூட் மையவாடியில் அடக்கினார்கள். ஐந்து ஊர்க்காரரும் வந்திருந்தார்கள் என்று என் கணவர் வந்து சொன்னார். மண் போடும்போது ஆளுக்கு ஒரு மாதிரியாக துஆ கேட்டார்களாம், ஆனால் எல்லாருக்கும் எல்லாம் விளங்கியதாம். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அச்சகம் மூடி சில வருசம். நான் இப்போது வீட்டில் இருந்தபடி சின்னச் சின்ன வேலை செய்கிறேன்.

இரண்டு கிழமைக்கு முதல் அவருடைய மனைவி கூப்பிட்டார். நார்த்மீட்டில் வீடு. கணவனை இழந்தவள் இருக்கிற இத்தாவில் அவர் இருக்கிறார், வெளியே வருவதில்லை. கராஜ் நிறையத் தாளும் பெட்டியும், பிள்ளைகளுக்கு ஒன்றும் வாசிக்கத் தெரியாது, எது சஞ்சிகை எது குப்பை என்று நீங்கள்தான் பிரித்துத் தர வேண்டும் என்றார். பிள்ளைகள் துருக்கி நாடகத்தைப் போனில், அடியில் ஓடுகிற ஆங்கில வசனத்தோடு பார்க்கிறார்களாம். மத்தியானம் தொழுதுவிட்டுப் போனேன். கராஜில் எனக்கு முதலே அக்காக்காரி உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது. அவளுடைய தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. அதை நானாகக் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். தன் மகளுக்கு அந்த அச்சான கடிதத்தை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம். மாமா எழுதியது என்று சொல்லி அவளும் ஒப்பிப்பாளாம்.

அவள் வந்தது பெட்டி அடுக்க இல்லை. அவர் அந்தக் கடிதத்தை அழித்திருக்க மாட்டார் என்று அத்தனை வருசமும் அவள் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு பஸ் டிக்கட்டைக்கூட எறியாத மனுசன், யாருக்கோ பயந்து எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறார், மௌத்துக்குப் பிறகாவது கிடைக்கும் என்று அவளுடைய கணக்கு. "நீங்களும் தேடுங்க, சிஸ்டர்," என்றாள்.

நானும் தேடினேன். இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. இல்லை என்று தெரிந்துகொண்டே பெட்டி பெட்டியாகத் திறந்து, உறை உறையாகக் கவிழ்த்து, தாள் தாளாகப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் திறப்பாள். நீலக் கொப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றையும் உதறிப் பார்த்தாள். மூன்று மணி நேரம் போயிருக்கும். கராஜின் கூரைக்குக் கீழே பரணில் இன்னும் நாலைந்து பெட்டி இருந்தது. அவள் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கும் லீவு போட்டிருக்கிறேன் என்றாள். ஏணியில் இரண்டு படி ஏறியும்விட்டாள்.

இறங்குங்கள் என்றேன். அங்கே இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள், இறங்காமலே. மெஷினில் போட்டது நான், அவர் இல்லை என்றேன். சொன்ன பிறகு கொஞ்சம் இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

அவள் இறங்கி வந்து ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். அது எப்படி இருந்தது என்று கேட்டாள். அவளுக்கே தாளின் முகம் மறந்துபோயிருந்தது. கோடு போட்ட தாள், நீலப் பேனா என்று சொல்லத் தொடங்கினேன். அவள் முகத்தில் ஏதோ வரப் பார்த்தது. அதைக் கண்டு நானும் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும், அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தான் என்றேன். கடைசித் தாளில் கையெழுத்துக்கு மேலே மூன்று சொல்லை எழுதிவிட்டு வெட்டியிருந்தான் என்றேன். வெட்டியிருந்தது அவளுக்கு ஞாபகம் இல்லை. அச்சில் அது வரவில்லை. மூன்று சொல்லா என்று திரும்பக் கேட்டாள். ஓரத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கறை இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த தூசியைத் தட்டினாள். பிறகு, "அப்ப நீங்க எல்லாத்தையும் வடிவாப் பார்த்திருக்கிறீங்க," என்றாள்.

"ஓம்," என்றேன். அவ்வளவு நேரமும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த நான் அந்த ஒன்றை என் மொழியில் சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியது.

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். சொல்வதற்கு அந்தக் கலியாண வீட்டாரையும் நெஞ்சுவலியையும் தயார் பண்ணிக்கொண்டு இருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. மெஷினில் தாளின் தலைப்பக்கம் முதலில் போனதா, அடிப்பக்கமா என்று கேட்டாள். தலைப்பக்கம் என்றேன். மூன்று தாளுமா என்றாள். மூன்று தாளும் என்றேன்.

"அப்படியென்றால் அவனுடைய பெயர்தான் கடைசியாகப் போயிருக்கும்," என்றாள்.